கடற்கரையைக் காத்தவர்களா ஆக்கிரமிப்பாளர்கள்?

சென்னைக் கடற்கரைக் குப்பங்களில் மாலை நேரம் துணி கட்டி ஆவணப்படம் காட்டுகிறவர்கள் மேல் சென்ற இதழ்க் கட்டுரையாளருக்குக் கடுங்கோபம். அவர் வாதத்தின் சாரம் இது. கடற்கரை ஊருக்கே பொது. அதை மீனவர்கள் வளைத்துப் போட்டிருக்கிறார்கள். சமூக நீதி என்று படம் காட்டுகிறவர்கள் அந்த ஆக்கிரமிப்புக்கு நியாயம் கற்பித்து, தன் பாட்டுக்குத் தொழில் பார்க்கிற ஜனங்களைத் தூண்டிவிடுகிறார்கள். இந்த மூன்றில் முதலாவதை ஏற்கிறேன். கடற்கரை பொதுதான். ஆனால் அது யாரால் இன்றுவரை பொதுவாக இருக்கிறது என்று அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மற்ற இரண்டையும் எழுதியிருக்க மாட்டார்.

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்ப் பார்க்கட்டும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ மதில் சுவர், அதன் மேல் கண்ணாடிச் சில்லு, கேட், கேட்டில் ஒரு காவலாளி. பங்களா முடிந்தால் ரிசார்ட், ரிசார்ட் முடிந்தால் பண்ணை வீடு. மணலில் கால் வைக்க வேண்டுமானால் பல இடங்களில் ஒன்று காசு கட்டி உள்ளே போக வேண்டும், அல்லது ஒரு மீனவ ஊரைத் தேடிக் கண்டுபிடித்து அதன் தெரு வழியாக நடக்க வேண்டும். அந்தத் தெருவில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. படகு நிற்கிற இடத்தில்தான் பாதை திறந்திருக்கிறது. கண் இருக்கிற எவரும் பார்க்கக்கூடிய இந்த உண்மை அவர் கட்டுரையில் ஒரு வரியாகக்கூட இல்லை.

மெரினாவுக்கு வருவோம். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடற்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நொச்சிக்குப்பம் பகுதியில் போலீஸ் சுட்டது. மனிதர்கள் செத்தார்கள். 2003இல் மலேசியக் கூட்டுடன் கடலோரத்தைக் கட்டட வளாகமாக மாற்ற ஒரு திட்டம் வந்தது. அதன் பிறகு கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை கடலோரமாகவே ஓர் உயர்மட்டச் சாலை என்றார்கள். ஊரூர் குப்பத்திலிருந்து நொச்சிக்குப்பம் வரை மீனவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தச் சாலை இன்றுவரை கட்டப்படவில்லை, வேறு வேறு பெயரில் அவ்வப்போது மறுபடி தலைகாட்டினாலும். இந்தத் திட்டங்களில் ஏதாவது ஒன்று நிறைவேறியிருந்தால், கட்டுரையாளர் காலையில் நடக்கப் போகிற மணலின் தலைக்கு மேல் கான்கிரீட் தூண் நின்றிருக்கும். அதைத் தடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றது, அடி வாங்கியது, குண்டு வாங்கியது, அவர் ஆக்கிரமிப்பாளர் என்கிற ஆட்கள்.

ஆக்கிரமிப்புக்கு அவர் காட்டும் ஒரே சான்று மெரினா லூப் ரோடு மீன் கடைகள். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அந்த ரோடு போவது எந்த இடத்தில்? கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே பட்டினப்பாக்கம் வரை, குப்பங்களுக்கும் கடலுக்கும் நடுவே. காலங்காலமாகப் படகு ஏற்றி வைத்த, வலை உலர்த்திய, மீன் கொட்டி ஏலம் விட்ட மணல் அது. வீட்டிலிருந்து படகுக்குப் போகிற பத்து இருபது எட்டு தூரத்தில் முதலில் ஒரு தடம் வந்தது, பிறகு அது சாலை ஆனது, பிறகு சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலுக்கு வடிகாலாக ஊரின் வண்டிகளெல்லாம் அதில் திருப்பிவிடப்பட்டன. ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்ற பெண்கள் ரோட்டைத் தேடி வந்து உட்காரவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ரோடு வந்தது. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி புல்டோசரோடு போய்க் கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகையும் வலையையும் குறுக்கே போட்டு ரோட்டை மறித்தார்கள். கட்டுரையாளருக்கு அந்த மறியல் மட்டும் நினைவிருக்கிறது. வண்டி நின்றதாம், அலுவலகம் போக நேரமானதாம்.

அரசு புது மீன் அங்காடி கட்டிக் கொடுத்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்றும் கேட்கிறார். 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது உண்மை. கூரையும் தண்ணீரும் வடிகாலும் உள்ள இடத்தில் உட்கார்ந்து விற்பது நல்லதுதான். அதைக் கேட்டுப் பெற்ற பெண்களே அப்படிச் சொல்வார்கள். ஆனால் அங்காடி வந்தது எதனால்? கடைகளை இடித்துவிட்டுக் கைகழுவ முடியாதபடி அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததால். கட்டுரையாளர் கண்டிக்கிற போராட்டத்தின் பலனையே எடுத்து, போராட்டம் தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார். தவிர, அங்காடி என்பது விற்கிற இடம். படகு ஏற்ற, வலை காய வைக்க, கிழிசல் பின்ன, கருவாடு பரப்ப மணல் வேண்டும். அதற்கு எந்தக் கட்டடமும் ஈடாகாது. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பாணை இந்த இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது, மீனவர் குடியிருப்புக்கு நீண்டகாலத் திட்டம் போடச் சொன்னது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கூட்டம் மீனவர் சங்கங்கள் எழுந்து, எங்கள் ஊர் வரைபடத்தில் சரியாக இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சட்டத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் இந்தச் சட்டத்தை ஏன் கையில் எடுக்கவில்லை?

பொது இடம் பறிபோகிறது என்பதுதான் உண்மையான வருத்தம் என்றால், மெரினாவில் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. தலைவர்களின் சமாதிகள் வரிசையாக மணலைத் தின்றுகொண்டு வருகின்றன. கடலுக்குள்ளேயே 81 கோடி ரூபாயில் பேனா நினைவுச் சின்னம் என்றார்கள். 2023இல் அதற்கு மத்திய அரசின் அனுமதியும் கிடைத்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாளன்று அடிபட்டு ஓடிய மாணவர்களுக்குக் கதவு திறந்துவிட்டவர்கள் நடுக்குப்பத்துக்காரர்கள். அவர்களுடைய மீன் சந்தை அன்று எரிந்தது. எரித்தது போலீஸ் என்று அந்தப் பெண்கள் கேமரா முன் நின்று சொன்னார்கள். அதற்குப் பின் மெரினாவில் கூட்டம் கூடுவதே குற்றம் போல் ஆகிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் மெழுகுவத்தி ஏற்றப் போனவர்கள்மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. பொதுமக்களுக்கு இந்தக் கடற்கரையை மூடியது யார் என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. கட்டுரையாளர் நெத்திலி விற்கிற அம்மாவைத் தேடிப்பிடித்து அவர்மேல் பழி போடுகிறார். வலியவனைக் கேட்கத் துணிவில்லாமல் எளியவரிடம் சீறுவதற்குப் பெயர் பொதுநலமா?

கலிஃபோர்னியாவைப் பாருங்கள், அங்கே கடற்கரை எவ்வளவு சுத்தம், எவ்வளவு ஒழுங்கு என்று நடுவே ஒரு பத்தி எழுதியிருக்கிறார். பார்ப்போம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் வில்லா புரூஸ், சார்ல்ஸ் புரூஸ் என்ற கறுப்பினத் தம்பதி 1912இல் கடலோரமாக இடம் வாங்கி, வேறெங்கும் குளிக்க விடாமல் விரட்டப்பட்ட தங்கள் மக்களுக்காக ஒரு விடுதி நடத்தினார்கள். 1924இல் நகர நிர்வாகம் அந்த நிலத்தைக் கையகப்படுத்த முடிவெடுத்தது. சொன்ன காரணம், பொதுப் பூங்கா. பூங்கா பல பத்தாண்டுகள் வரவே இல்லை. இடம் சும்மா கிடந்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசுகளுக்கு நிலம் திரும்பியது 2022இல். அதே மாநிலத்தில் மார்ட்டின்ஸ் பீச் என்ற கடற்கரைக்குப் போகும் ஒரே வழியை, சுற்றியுள்ள நிலத்தை வாங்கிய கோடீஸ்வரர் வினோத் கோஸ்லா கேட் போட்டு மூடினார். அலைச்சறுக்கு ஆடுகிறவர்களின் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு வென்றது. அவருடைய மேல்முறையீட்டை 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. அங்கேயும் கடற்கரை திறந்திருப்பது சண்டை போட்டுத்தான். அங்கேயும் பொதுநன்மை என்று சொல்லித்தான் எளியவர்களை வெளியேற்றினார்கள். கட்டுரையாளர் காட்டிய உதாரணம் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

இனி திரையிடல். ஒரு குப்பத்தில் படம் காட்டுவது எப்படி நடக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. நான் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். வலை பின்னுகிற கொட்டகையின் இரண்டு கம்பத்தில் வெள்ளை வேட்டி கட்டுவார்கள். புரொஜெக்டருக்கு மேசை ஐஸ் பெட்டி. கோயிலிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட். காற்று அடித்தால் துணி புடைத்துக்கொள்ளும், முகங்கள் கோணும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பெண்கள் வியாபாரம் முடித்துக் குளித்துவிட்டுத் தாமதமாக வந்து பின்னால் உட்காருவார்கள். ஒருநாள் ஆனந்த் பட்வர்தனின் ‘பாம்பே அவர் சிட்டி’ ஓடியது, 1985இல் வந்த படம், பம்பாயில் குடிசைகளை இடிப்பதைப் பற்றியது. ஒரு பையன் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். முடிந்ததும் வயதான ஓர் அம்மா எழுந்து கேட்டார்: “அந்த ஜனங்க இப்ப எங்கப்பா இருக்காங்க?” யாரிடமும் பதில் இல்லை. பக்கத்திலிருந்த இன்னொருவர், “எங்க இருப்பாங்க, அவங்க ஊரு செம்மஞ்சேரில இருப்பாங்க” என்றார். சுனாமிக்குப் பிறகு கடலை விட்டு வெகு தூரம் உள்ளே கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவர்களின் செம்மஞ்சேரியைத்தான் சொன்னார். மராத்தியும் இந்தியும் தெரியாமல், முப்பது வருஷப் பழைய படத்திலிருந்து தன் ஊரின் கதையை ஒரு நொடியில் எடுத்துக்கொண்ட அறிவு அது. இவர்களைத்தான் யாரோ வந்து தூண்டிவிட்டால் ஆடுவார்கள் என்று கட்டுரையாளர் எழுதுகிறார்.

இன்னொரு முறை, இளைஞர்கள் சிலர் எடுத்த குறும்படம். பெரியவலை இழுக்கிற காட்சி வந்தது. முன்னால் இருந்த ஒரு பெரியவர் படத்தை நிறுத்தச் சொன்னார். “தம்பி, இது எங்க கரையில்ல. எங்க ஊர்ல இப்படி இழுக்க மாட்டோம். தப்பா காட்டாதீங்க” என்றார். எடுத்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஒரு படத்தின் உண்மையைச் சோதிக்க இதைவிடக் கடுமையான சபை எந்த அரங்கத்தில் கிடைக்கும்? குளிரூட்டிய அரங்கில் காட்டிக்கொள்ளட்டுமே, கடற்கரையில் எதற்கு என்கிறார். தங்களைப் பற்றிய படத்தைத் தாங்களே சரிபார்க்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. அரங்கத்தில் காட்டினால் அவர்கள் பார்வையாளர்கள்கூட இல்லை, வெறும் காட்சிப் பொருள்.

இதெல்லாம் சமீபத்திய வெளிநாட்டுச் சரக்கு என்கிறார். மதுரையில் 1998 முதல் ஆவணப்பட விழா நடக்கிறது. அதற்கும் முன்பே, 1968இல் கே.ஏ. அப்பாஸ் எடுத்த சிறு ஆவணப்படம் பம்பாய், கல்கத்தா, டெல்லியோடு மெட்ராஸையும் சேர்த்து, மாளிகையையும் குடிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. அதன் தணிக்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடற்கரையில் கூடி நியாயம் பேசுவதோ இன்னும் பழையது. 1923 மே 1ஆம் தேதி இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சென்னைக் கடற்கரையில் நடத்தியவர் சிங்காரவேலர். அவர் பிறந்தது மீனவக் குடும்பத்தில். உழைப்பாளர் சிலையைத் தினமும் கடந்து போகிற ஒருவர், உழைக்கிறவர்கள் அந்த மணலில் கூடிப் பேசுவதை வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று எழுதுவது வெட்கக்கேடு.

சட்டம் ஒழுங்கு கெடும், போலீஸ் தடுக்க வேண்டும் என்று முடிக்கிறார். ‘கக்கூஸ்’ படத்தை 2017இல் ஊர் ஊராக அப்படித்தான் தடுத்தார்கள். மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களைக் காட்டியது அந்தப் படம். தடுத்ததால் சாவு நின்றதா? ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது, காப்பாற்ற வேண்டியது அரசின் கடமை. ஒரு குப்பத்துச் சனம் அமைதியாக உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு அந்த மிரட்டல்கூட இல்லை. இருப்பது கட்டுரையாளரின் அச்சம் மட்டும்.

ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள், அரசின் பக்கத்தையும் காட்ட வேண்டாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. காட்ட வேண்டும். அரசின் படம் ஏற்கெனவே இருக்கிறது. கடற்கரைத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் செய்த ஒரு வீடியோ வரும்: நீலக் கடல், புல்வெளி, சைக்கிள் பாதை, வெள்ளை உடையில் நடக்கிற குடும்பங்கள். நான் பார்த்தவற்றில் எங்கேயும் ஒரு படகு நின்றதில்லை, ஒரு வலை காய்ந்ததில்லை, மீன் கூடையோடு ஒரு பெண் நடந்ததில்லை. அமைச்சர்களுக்கும் நிருபர்களுக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். திட்டத்தால் யாருடைய மணல் போகிறதோ அவர்களுக்குக் காட்டுவதில்லை. கட்டுரையாளருக்கு அதிகாரிகளிடம் செல்வாக்கு இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வீடியோவை வாங்கிக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்கு வரட்டும். வேட்டியை நாங்கள் கட்டித் தருகிறோம். முழுதாக ஓட விட்டு, விளக்குப் போட்ட பிறகு எழுந்து நிற்கிற முதல் பெண்ணுக்கு அவரே பதில் சொல்லட்டும்.