வண்டியைச் செய்தவர் யார்?

போன மாதம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். தாட்கோ கடனுக்கு மனுப் போட்டிருக்கிறான். வாடகைக்கு ஓட்ட ஒரு கார் எடுக்கப் போகிறான். எங்கள் காலனியில் சொந்தமாகக் கார் வாங்கும் மூன்றாவது ஆள் அவன்.

"மாமா, ரெண்டு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். விலை, மைலேஜ் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஷோரூம்ல ஒருத்தர், 'இதுதான் நம்ம நாட்டு வண்டி, இதையே எடுங்க'ன்னு சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

"ரெண்டுமே நம்ம நாட்டுல செஞ்சதுதான்டா. செஞ்சவன் எப்படி இருக்கான்னு கேட்டியா?" என்றேன். அவன் சிரித்துவிட்டான். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நம் நாட்டு வண்டி என்றால் என்ன? மாருதி என்பது நம் ஊர்ப் பெயர். அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு ஜப்பானின் சுசூகியிடம் இருக்கிறது. ஹூண்டாய் கொரியப் பெயர். அதன் கார்கள் 1998 முதல் நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகின்றன. ரெனோ, நிசான் கார்களுக்கு 2010இல் ஒரகடத்தில் ஆலை வந்தது. பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் 17 இலக்க சேஸிஸ் எண் இருக்கும். அது எம்.ஏ., எம்.பி. என்று தொடங்கி எம்.இ. வரையிலான எழுத்துகளில் ஒன்றைக் கொண்டிருந்தால், அந்த வண்டி இந்தியாவில் செய்யப்பட்டது என்று பொருள். எந்த நாட்டில் செய்தார்கள் என்பதை அந்த எண் சொல்லிவிடும். செய்தவருக்கு என்ன கூலி, அவர் வேலை நிரந்தரமா, அவருக்குச் சங்கம் உண்டா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

எங்கள் தெருவில் ஒரு பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கார் உதிரி பாகம் செய்யும் ஓர் ஆலைக்குப் போகிறான். விடியற்காலை கம்பெனி பஸ் ரோட்டு முனையில் வந்து நிற்கும். நான்கு ஆண்டுகளாக அதே ஆலை, அதே மிஷின். ஆனால் அவனுடைய அடையாள அட்டை மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது, மூன்றும் வேறு வேறு ஒப்பந்தக்காரர் பெயரில். பக்கத்து மிஷினில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியும் அவன் செய்யும் வேலையைத்தான் செய்கிறார். சம்பளத்தில் பாதிக்கு மேல் வித்தியாசம். 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அட்டையில் பெயர் மாறினால் நாள் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும் என்று இவனிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது சரியா என்று கேட்க அவனுக்கு ஒரு சங்கம் இல்லை.

சங்கம் வைப்பதும் இங்கே லேசில் முடிவதில்லை. 2018இல் ஒரகடம் பகுதியில் யமஹா, ராயல் என்ஃபீல்டு ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். அவர்களுடைய சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். சங்கம் இருந்தால் என்ன பயன் என்பதையும் ஒரகடத்திலேயே பார்த்தோம். 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, பாதுகாப்பு போதவில்லை என்று ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனி ஆளாக ஒரு தொழிலாளி அவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா?

தலித் பக்கத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இன்று கார் ஆலைகள் வரிசையாக நிற்கும் பகுதி அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அதன் ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையை எழுதி அரசுக்கு அனுப்பிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி செய்தது. நூறு ஆண்டு கழித்து அதே மண்ணில் தொழிற்பேட்டைகள் வந்தன. பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்துப் பிழைத்தவரிடம் காட்டுவதற்குப் பட்டா இல்லை. அவருடைய பிள்ளைக்கு மிஞ்சியது ஆலை வாசல். தனியார் ஆலையில் இடஒதுக்கீடு கிடையாது. எனவே நிரந்தர வேலையா, ஒப்பந்தக் கூலியா என்பது நமக்குச் சோற்றுப் பிரச்சினை.

சங்கம் வந்துவிட்டால் சாதி போய்விடும் என்றும் நான் சொல்லமாட்டேன். 1921இல் சென்னை பி. அண்ட் சி. ஆலை வேலைநிறுத்தத்தின்போது, சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் ஏற்பட்ட பிளவு புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிவதில் போய் முடிந்தது. பம்பாய் நூற்பாலைகளில் நல்ல கூலி தரும் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், அதனால் தீட்டாம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை நேரடியாகவே சங்கத் தலைவர்களிடம் கேட்டார். அமெரிக்காவில் 'சங்கத் தொழிலாளர் செய்தது' என்று பொருள்மீது முத்திரை ஒட்டும் வழக்கமே, 1870களில் கலிஃபோர்னியாவின் வெள்ளைத் தொழிலாளர்கள் சீனர் செய்த சுருட்டை ஒதுக்க ஒட்டிய முத்திரையில் தொடங்கியது.

இவ்வளவையும் பார்த்த அம்பேத்கர் சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் தன் கட்சியோடு இறங்கினார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல், சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே தீர வேண்டும் என்ற மசோதாவைக் கொண்டுவந்தார்.

கார் ஆலைக்குள் சாதியும் சங்கமும் சேர்ந்து வந்த இடம் மானேசர். 2011இல் அங்குள்ள மாருதித் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கேட்டுப் போராடினார்கள். 2012 ஜூலை 18 அன்று ஆலையில் வன்முறை நடந்தது. தீயில் மனிதவள அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அந்த உயிரிழப்பை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஒரு தலித் தொழிலாளியை மேற்பார்வையாளர் சாதி சொல்லித் திட்டியதில்தான் அன்றைய தகராறு தொடங்கியது என்று தொழிலாளர்கள் கூறினார்கள். 2017இல் நீதிமன்றம் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 117 பேரை விடுவித்தது. அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள்.

இதெல்லாம் கார் வாங்குகிறவன் தலையில் ஏன், கடன் வாங்கி முதல் வண்டி எடுப்பவன்தானா உலக நியாயத்தைச் சுமக்க வேண்டும் என்றால், அந்தக் கேள்வி நியாயமானது. மாதத் தவணையும் மைலேஜும்தான் முதலில். இரண்டு வண்டி சரிசமமாக வந்து நிற்கும்போது மட்டும், கடைசிக் கணக்காக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அமெரிக்காவில் மோட்டார் தொழிலாளர் சங்கம், தன் உறுப்பினர்கள் கட்டும் வண்டிகளின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இங்கே அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. நம் சங்கங்கள் அதைச் செய்யலாம். செய்தால், நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், சங்க நிர்வாகத்தில் தலித்துகள் எத்தனை பேர் என்ற மூன்று கணக்கையும் அதில் போட வேண்டும்.

அதுவரை நாமே கேட்போம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவிலிருந்து கம்பெனி பஸ் ஏறுகிற அண்ணன், அக்காவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். எந்தப் பெயரில் அட்டை, எத்தனை நாள் வேலை, பி.எஃப். பிடிக்கிறார்களா, ஊதியச் சீட்டு தருகிறார்களா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 480 நாளை நிரூபிக்க நாளைக்கு அந்த நோட்டு உதவும்.

அக்கா மகன் மறுநாள் ஷோரூமுக்குப் போய், "இந்த வண்டி செய்யற ஆலையில சங்கம் இருக்கா சார்?" என்று கேட்டிருக்கிறான். விற்பனையாளர் மேலாளரைக் கூப்பிட்டிருக்கிறார். மேலாளருக்கும் தெரியவில்லை. "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை, விசாரிச்சுச் சொல்றேன்" என்றாராம். அவன் இன்னும் வண்டி எடுக்கவில்லை, கடன் வரவேண்டும். அதற்குள் உங்களில் இன்னொருவர் அதே கேள்வியோடு அந்தப் படி ஏறினால் நல்லது.