பதிவில்லாத டோக்கன் முன்விற்பனைக்கு எங்கள் மேடை கிடையாது: நிலைப்பாட்டு அறிக்கை

பதிவு பெறாத கிரிப்டோ டோக்கன் முன்விற்பனை எதற்கும் எங்கள் சங்கத்தின் மண்டபத்தையோ, கூட்டத்தையோ, வாட்ஸ்அப் குழுவையோ தரமாட்டோம். சங்கப் பொறுப்பில் இருக்கும் எவரும் அத்தகைய திட்டத்தை உறுப்பினர்களிடம் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். ஜார்ஜ்டவுனிலும், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் வட்டாரங்களிலும் இயங்கும் ஆலய நிர்வாகங்கள், குடியிருப்பாளர் சங்கங்கள், முன்னாள் மாணவர் அமைப்புகள் ஆகியவையும் இதே முடிவை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவு கறார் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பினாங்கு ஏற்கெனவே பட்ட ஊர் என்பதுதான் எங்கள் பதில்.

எம்பிஐ குழுமம் இங்கிருந்து வளர்ந்தது. பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு அது ஜிஆர்சி என்ற புள்ளிகளைக் கொடுத்தது. அந்தப் புள்ளிகளின் விலை ஏறுமே தவிர இறங்காது என்பதே ஆள் சேர்ப்பவர்களின் முக்கியமான பேச்சு. விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை, விற்றவரே தீர்மானித்தார். புள்ளிகளைச் செலவழிக்க எம் மால் என்ற கடைத்தொகுதியும் கண்ணெதிரே இருந்ததால், கட்டடம் இருக்கிறதே, கடை இருக்கிறதே என்று மக்கள் நம்பினார்கள். 2017இல் அதிகாரிகள் அந்தக் குழுமத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது அவற்றில் இருந்த தொகை சுமார் 17 கோடியே 70 லட்சம் ரிங்கிட். நிறுவனர் டெடி தியோவ் 2022இல் தாய்லாந்தில் கைதானார். 2024 ஆகஸ்டில் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டதாகச் சீனக் காவல்துறை சொல்கிறது. பணம் கட்டியவர்கள் பல ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜேஜேபிடிஆர் என்ற மற்றொரு திட்டத்தின் கதை இன்னும் குறுகிய காலத்தில் முடிந்தது. பெயரின் விரிவிலேயே சாதாரண மக்களைக் காப்பாற்றும் வாக்குறுதி இருந்தது. அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லி மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்னார்கள். 10,000 ரிங்கிட் போட்டு, வரும் லாபத்தையும் அப்படியே விட்டுவைத்தால் பன்னிரண்டு மாதத்தில் அது ஏறக்குறைய 89,000 ரிங்கிட்டாக வேண்டும். உலகத்தில் எந்த வணிகமும் ஆண்டுதோறும் இப்படிப் பெருகாது. 2017 பிப்ரவரியில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்தப் பெயரைத் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. ஏப்ரலில் நிறுவனர் காணொளியில் தோன்றி, கணக்குகளை யாரோ ஊடுருவிப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றார். அந்த இரண்டு மாத இடைவெளியை நினைத்தால் எங்களுக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. எச்சரிக்கை வந்திருந்தது, ஆனால் அது நம் மக்கள் பேசும் இடத்துக்கு, பேசும் மொழியில் வந்து சேரவில்லை.

அன்று புள்ளி, அந்நியச் செலாவணி என்று வந்தது இன்று டோக்கன் முன்விற்பனை என்று வருகிறது. சந்தைக்கு வருவதற்கு முன்பே மலிவு விலையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் இதன் சாரம். ஒரு முன்விற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. மூன்றாம் கட்டத்தில் 92 விழுக்காடு விற்றுவிட்டதாம். இன்றைய விலை 4 சென், சந்தைக்கு வரும் நாளில் 20 சென். 5,000 ரிங்கிட் கட்டினால் 1,25,000 டோக்கன். உடனே உங்கள் திரையில் 25,000 ரிங்கிட் என்ற எண் பச்சை நிறத்தில் மின்னுகிறது. அந்த 20 சென் விலைக்கு வாங்க ஒருவர்கூட இன்னும் வரவில்லை, விற்பவரே தட்டச்சு செய்த எண் அது. மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். மோசடிப் பக்கமாக இருந்தால் கடிகாரம் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

பணத்தை எங்கே கட்டச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஏதோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவை வாங்கி ஒரு வாலட் முகவரிக்கு அனுப்பச் சொன்னாலும் அப்படித்தான், ஒருமுறை அனுப்பிய கிரிப்டோவை எந்த வங்கியாலும் திருப்பி எடுத்துத் தர முடியாது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால், உங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் அடுத்து வந்தவரின் முதல்.

திட்டத்தை நடத்துபவர்கள் நிறையக் காகிதம் காட்டுவார்கள். நிறுவனப் பதிவகத்தில் செண்டிரியான் பெர்ஹாட் என்று பதிந்த சான்றிதழை நீட்டுவார்கள். கம்பெனி தொடங்கப் பதிவு செய்வது வேறு, பொதுமக்களிடம் முதலீடு திரட்ட அனுமதி பெறுவது வேறு. முதலாவதை யாரும் சில நாட்களில் வாங்கிவிடலாம். அடுத்து தணிக்கை அறிக்கை வரும். டோக்கனின் நிரலில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தத் தணிக்கை. பணத்தைச் சுருட்டிக்கொண்டு போவார்களா என்பதை அது பார்ப்பதில்லை.

வாங்கலாம், விற்க முடியாது என்ற டோக்கன்களும் உண்டு. 2021இல் ஒரு கொரியத் தொடரின் புகழைப் பிடித்துக்கொண்டு ஸ்குவிட் என்ற டோக்கன் வந்தது. அதன் விலை 2,800 டாலரைத் தாண்டியபோது வாங்கியவர்கள் விற்கப் பார்த்தார்கள், முடியவில்லை. நவம்பர் முதல் நாள், சில நிமிடங்களில் அதன் விலை ஏறக்குறைய பூஜ்யமானது. உருவாக்கியவர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டு மறைந்தார்கள். பல ஆண்டுகள் உலகம் முழுவதும் விற்கப்பட்ட ஒன்காயினுக்கோ பின்னால் உண்மையான பிளாக்செயினே இல்லை. அதன் நிறுவனர் ருஜா இக்னாதோவா 2017 அக்டோபரிலிருந்து தலைமறைவு.

முன்விற்பனை எல்லாமே மோசடியா என்று இளைஞர்கள் எங்களிடம் கேட்கிறார்கள், கேள்வி நியாயமானது. 2014இல் எத்தீரியமும் முன்விற்பனை மூலம்தான் பணம் திரட்டியது, இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் நிரலைப் படிக்கத் தெரியாத ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்த சுவரொட்டியை மட்டும் வைத்து எது எத்தீரியம், எது ஸ்குவிட் என்று பிரிக்க வழியே இல்லை. அதற்காகத்தான் சட்டம் ஒரு வாசலை வைத்திருக்கிறது.

2019 ஜனவரி 15 முதல் மலேசியாவில் இத்தகைய டோக்கன்கள் பங்குப் பத்திரங்களாகக் கருதப்படுகின்றன. அனுமதியில்லாமல் வெளியிட்டால் 10 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரிங்கிட் வரை அபராதம் என்று அப்போது நிதியமைச்சராக இருந்த லிம் குவான் எங் அறிவித்தார். செக்யூரிட்டிஸ் ஆணையம் 2020இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, டோக்கன் வெளியிட விரும்பும் நிறுவனம் ஆணையத்தில் பதிந்த ஐஇஓ எனப்படும் டோக்கன் வெளியீட்டுத் தளம் வழியாகத்தான் மக்களிடம் வர முடியும். அந்த நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் குறைந்தது 5 லட்சம் ரிங்கிட் இருக்க வேண்டும். சாதாரண முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தில் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் போட முடியாது, பன்னிரண்டு மாதத்துக்கு மொத்த உச்சவரம்பு 20,000 ரிங்கிட். ஆகவே ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த 50,000 ரிங்கிட்டை அப்படியே ஒரே டோக்கனில் போடுங்கள் என்று உங்களிடம் சொல்பவர், அந்த வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசுகிறார்.

பதிவு இருக்கிறதா என்பதைத்தான் முதல் சோதனையாக வைக்கிறோம். ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவு பெற்ற தளங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கைப் பட்டியலில் இல்லை என்பது ஒரு நற்சான்று ஆகாது. நேற்றுத் தொடங்கிய மோசடி இன்று பட்டியலில் ஏறியிருக்காது.

55 வயதில் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கும் தொழிலாளியைப் பற்றித்தான் எங்களுக்குப் பெரிய கவலை. முப்பது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் கணக்கில் வந்து விழுகிறது. அந்தச் செய்தி உறவுக்குள் பரவும். அவரைத் தேடி வருபவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. மச்சான், பழைய கூட்டாளி, கோயிலில் கூட நின்று சேவை செய்தவர் என்று தெரிந்த முகமாகவே வருவார், அவரும் தன் பணத்தைப் போட்டிருப்பார். அதனால்தான் மறுக்க வாய் வராது. சங்கத்து மேடையும் மாலை மரியாதையும் சேர்ந்துவிட்டால் சந்தேகம் கேட்பவர்தான் குற்றவாளி போல நிற்க வேண்டியிருக்கும். இந்த அறிக்கை முதலில் எங்களைப் போன்ற சங்கங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நாங்கள் நினைப்பது இதனால்தான். நன்கொடை கொடுத்தார் என்பதற்காக ஒருவருக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தால், அதை நம்பிப் பணம் கட்டியவருக்கு நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

செக்யூரிட்டிஸ் ஆணையமும் பேங்க் நெகாராவும் தங்கள் எச்சரிக்கைப் பட்டியல்களைத் தமிழிலும் வெளியிட்டு, தமிழ் நாளிதழ்களுக்கும் மின்னல் பண்பலைக்கும் உடனுக்குடன் அனுப்ப வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வழியாக அந்தப் பட்டியலைக் கொண்டுசேர்க்கும் வேலையை நாங்கள் ஏற்கத் தயார்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. இனி ஒரு சென்னும் அனுப்பாதீர்கள். லாபத்தை எடுக்க முதலில் வரி கட்டுங்கள் என்று கேட்டால் அதுவும் பறிப்புதான். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு வருபவர்களையும் நம்பாதீர்கள். வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே தேசிய மோசடி பதில்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அனுப்பிய ரசீது, வாலட் முகவரி, உரையாடல்கள் எதையும் அழிக்க வேண்டாம். புகார் எழுதத் தயக்கமாக இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், கூட இருந்து எழுதித் தருவோம், காவல் நிலையத்துக்கும் உடன் வருவோம்.