வாரத் தவணையும் மாதச் சம்பளமும்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ, மஸ்கெலியா நகரங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதத்தின் 10ஆம் திகதியைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தோட்டங்களில் சம்பளம் போடுவது அந்த நாளை ஒட்டித்தான். கடன் கொப்பியில் கணக்குத் தீர்வதும், அடுத்த மாதத்துக்கான அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி புதிதாக எழுதப்படுவதும் அப்போதுதான். ஆனால் சம்பளக் காசு கடைக்கு வருமுன்பே வேறெங்கோ போய்விடுகிறது என்ற முறைப்பாட்டை எமது வர்த்தகர்களிடம் பல வருடங்களாகவே கேட்க முடிகிறது. அது போகும் இடங்களுள் முக்கியமானது, பெண்கள் குழுக்கள் ஊடாக வழங்கப்படும் நுண்கடனின் தவணை.

நுண்கடனே கூடாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது சரியல்ல. தோட்டத் தொழிலாளியின் லயன் அறைக்குக் காணி உறுதி கிடையாது. உறுதி இல்லாதவருக்கு வங்கியில் பிணையும் இல்லை, கடனும் இல்லை. காதில் கழுத்தில் இருப்பதை அடகு வைப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வங்கிச் சேவை. இந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காகத்தான் குழுக்கடன் வந்தது.

இதன் மூலக்கதை பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் தொடங்குகிறது. பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் 42 பேருக்கு மொத்தமாக 856 டாக்கா கொடுத்தார். அவர்களில் மூங்கிலில் முக்காலி பின்னும் பெண்களும் இருந்தார்கள். மூங்கில் வாங்கக் கடன் கொடுத்த வியாபாரியே தான் சொன்ன விலைக்கு முக்காலியையும் வாங்கிக்கொண்டிருந்தார். (அந்தக் கதையில் வில்லன் ஒரு வியாபாரி என்பதை நாம் மறக்காமல் இருப்பது நல்லது.) 1983இல் கிராமீன் வங்கி பிறந்தது, 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் முக்காலி பின்னுபவளுக்கும், பால் விற்பவளுக்கும், சந்தையில் கடலை போடுபவளுக்கும் காசு நாளாந்தம் புரள்கிறது. வாரத் தவணை அவர்களுக்குப் பொருந்தும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சம்பளம் மாதம் ஒரு முறை. இடையில் கிடைப்பது முற்பணம் மட்டுமே, அதுவும் சம்பளத்தில் கழிபடும். கொல்லையில் கரட், கோவா போடுபவருக்கோ மூன்று மாதங்களுக்கு ஒரு முறைதான் காசைக் காணக் கிடைக்கும். இவர்களிடம் வாரா வாரம் தவணை கேட்டால் அதை எங்கிருந்து கொடுப்பார்கள்? இன்னொரு கம்பனியில் கடன் எடுத்துத்தான். இரண்டாவது கடனை அடைக்க மூன்றாவது. வெளியில் இருந்து பார்ப்பவர் இதைச் சோம்பல் என்பார், ஆடம்பரம் என்பார். என்னைக் கேட்டால், தவணை நாளைத் தவறாக வைத்ததே முதற் காரணம்.

வட்டி பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பது எமது வாசகர்களுக்குத் தெரியும். இங்கே கணக்கை மட்டும் பார்ப்போம். 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 சதவீதம், 52 வாரத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டியை முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் போட்டால் திருப்பிக் கட்டவேண்டியது 62,000 ரூபா. வாரத்துக்குச் சுமார் 1,192. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் அரை வருடத்தில் கடனில் ஏறத்தாழப் பாதியை அவர் கட்டிவிடுகிறார். வட்டி மட்டும் இன்னமும் 50,000க்குத்தான் ஓடுகிறது. கையில் உண்மையாக நின்ற பணத்துக்கு வட்டி போட்டுப் பார்த்தால் 24 சதவீதம் என்பது சுமார் 44 சதவீதம் ஆகிவிடுகிறது. மொத்த வியாபாரியிடம் பில்லைச் சரிபார்க்கும் எவருக்கும் இது உடனே விளங்கும். லயத்தில் கையொப்பம் வைக்கும் பெண்ணுக்கு யார் விளக்கிச் சொல்வது?

இப்படி மூன்று கடன் இருந்தால் மாதத்துக்குச் சராசரியாக 15,500 ரூபா தவணைக்கே வேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் 20 நாள் வேலை செய்தால் 27,000. அதிலிருந்து சேமலாப நிதியும் முற்பணமும் கழியும். மீதியில் யார் உங்கள் கொப்பிக் கணக்கைத் தீர்ப்பது? நாட்சம்பளத்தை இன்னும் சில நூறு ரூபா கூட்டிப் போட்டுப் பாருங்கள், கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

மலையகத்துக்குக் கடன் புதிதல்ல. கங்காணி காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்; அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டத்தால் அதை ஒழித்தார்கள். இன்று துண்டு இல்லை. ஆனால் ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவில் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற விதி, அதே வேலையை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கொண்டே செய்விக்கிறது. நேற்றுவரை தேயிலைத்தூள் இரவல் வாங்கிய வீட்டுக்காரியே இன்று வாசலில் நின்று காசு கேட்கிறாள்.

அரசாங்கம் பார்க்காமல் இல்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வடக்கும் கிழக்கும், வடமத்தியும் வடமேற்கும் அதில் அடங்கின, நுவரெலியா அடங்கவில்லை. மழை பெய்யும் மாவட்டத்துக்கு வரட்சி நிவாரணம் எப்படிக் கிடைக்கும்! 2021இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்த பிறகும் பேச்சுத்தான் மிஞ்சியது. இந்தியாவில் ஆந்திர அரசு 2010 ஒக்டோபரில் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு விடயம் எனக்குப் பிடித்திருந்தது: தவணை வாரத்துக்கல்ல, மாதத்துக்கு. அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகள் அங்கே கடன் வழங்கலையே முடக்கிவிட்டன என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அந்த ஒரு வரியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில் முதலில் வந்தது கடன் அல்ல, சேமிப்பு. 1992இல் நபார்ட் வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் பரீட்சார்த்தத்தைத் தொடங்கியபோதும் ஒழுங்கு அதுதான். குழு முதலில் சேர்க்கும், தனக்குள் கடன் கொடுத்துப் பழகும், பிறகு வங்கி குழுவுக்குக் கடன் கொடுக்கும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதியில் என்பதைக் குழுவே தீர்மானிக்கும். சீட்டுப் பிடித்துப் பழகிய எமது தோட்டப் பெண்களுக்கு இது பாடமே அல்ல. 20 பேர் சம்பள நாளில் தலைக்கு 500 ரூபா போட்டால் ஆறு மாதத்தில் 60,000 ரூபா சேர்கிறது.

இதில் வர்த்தகர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதலில் நமது கொப்பியையும் பார்க்கவேண்டும். சில கடைகளில் ரொக்க விலை ஒன்று, கொப்பியில் எழுதும் விலை இன்னொன்று. அந்த வித்தியாசத்தை ஒரு மாதத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் கம்பனிக்காரனைக் குறை சொல்ல வாய் வராது. இன்னொன்று, சேமிப்புள்ள குழுவென்றால் 11ஆம் திகதி கையில் ரொக்கத்தோடு வரும் வாடிக்கையாளர். இருபது குடும்பத்துக்கான அரிசி மூடையையும் பருப்பையும் ஒரே பில்லில் கேட்டால், கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் நாம் வாங்கும் விலைக்கு மேல் சிறு இலாபம் வைத்துக் கொடுக்கலாம். வராக்கடன் இல்லை, கொப்பி இல்லை, தோட்டத்துக்கு ஏறி இறங்கும் செலவும் இல்லை.

நகர வர்த்தக சங்கங்கள் வங்கி முகாமையாளர்களோடு அடிக்கடி பேசுகின்றன, பெரும்பாலும் நமது ஓவர்ட்ராஃப்ட் பற்றித்தான். அடுத்த முறை பேசும்போது தோட்டப் பெண்கள் குழுக்களுக்கான கடனில் தவணைத் திகதியை மாதத்தின் 12ஆக வைக்க முடியுமா என்றும், குழுவின் ஆறு மாதச் சேமிப்புப் புத்தகத்தைப் பிணையாக ஏற்க முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.