இழுப்பறையில் நகல் வைத்தால் போதுமா?

எலவனாசூர்கோட்டை சிவன் கோவிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டுத் துறையினர் அவற்றின் மேல் ஈரத் தாளை ஒட்டி, மை ஒற்றிப் படி எடுத்தார்கள். அந்தப் படிகளைக் கோவிலிலேயே வைக்கவில்லை. வேறு ஊருக்குக் கொண்டு போனார்கள். கல் சிதைந்தாலும் எழுத்து பிழைத்துக் கொள்ளும்!

இன்று ஊர்க் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. கடைக்காரரின் பற்று வரவு, மாணவரின் மதிப்பெண், விவசாயியின் கடன் பாக்கி எல்லாம் அதில்தான். நகல் எங்கே என்று கேட்டால், பக்கத்து மேஜை இழுப்பறையைக் காட்டுகிறார்கள். 2024 நவம்பர் 30-ந்தேதி கரை கடந்த பெஞ்சல் புயல், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. மேஜை வேறு, இழுப்பறை வேறு என்று வெள்ளம் பார்க்குமா?

"சென்னைக்கு அனுப்பலாம். ஆனால் லைன் மெதுவாக இருக்கிறதே" என்பார்கள். பாதி நியாயம்தான். நொடிக்கு 2 மெகாபிட் போகும் லைனில் 100 ஜி.பி. கணக்கை அனுப்ப நாலரை நாளுக்கு மேல் ஆகும்.

தினமும் முழுவதையும் ஏன் அனுப்ப வேண்டும்?

1996-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 'ஆர்சிங்க்' என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். இரண்டு ஊரில் ஒரே மாதிரி பேரேடு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சென்னைக்காரர் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் போனில் சொல்கிறார். இங்கே உள்ளவர் ஒத்துப் பார்க்கிறார். தொகை மாறிய பக்கத்தை மட்டும் எழுதி அனுப்புகிறார். ஆர்சிங்க் செய்வதும் இதுதான். அன்றைய மாற்றம் 1 ஜி.பி. என்றால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ராத்திரியில், ஆள் இல்லாமலே முடிந்துவிடும். இந்தச் சாதனத்துக்கு விலையும் கிடையாது. முதல் முழு நகலை மட்டும் ஹார்டு டிஸ்கில் போட்டு பஸ்ஸில் கொண்டு போவதே மேல்!

ஒரு ஆபத்து உண்டு. இங்கே தவறுதலாக அழித்த கணக்கு, ராத்திரி அங்கேயும் அழிந்து போகலாம். ஆகவே முந்தைய நாட்களின் நகலையும் விட்டு வைக்க வேண்டும். வழியில் பிறர் படிக்காதபடி பூட்டியே அனுப்ப வேண்டும்.

தணிக்கைக்கு வருகிற அதிகாரிகள் ரொக்கத்தை எண்ணுகிறார்கள். ரசீதைப் புரட்டுகிறார்கள். இனி இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். நகல் எந்த ஊரில் இருக்கிறது? அதிலிருந்து கணக்கைத் திருப்பி எடுத்துக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?