பீரோ இரும்புப் பெட்டி ஆகாது

மாயாபந்தரில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் ஊருக்குப் போவதென்றால் அது ஒரு வார விடுப்பில் முடிகிற காரியம் அல்ல. முதலில் அந்தமான் டிரங்க் ரோட்டில் ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் அமர்ந்து, போர்ட் பிளேர் என்று இருந்து 2024-ல் ஸ்ரீவிஜயபுரம் ஆன நகரைச் சேர வேண்டும். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பலுக்குக் காத்திருப்பது, உறவினர் வீட்டு விசேஷம், திரும்பி வருவது எல்லாம் சேர்த்தால் வீடு ஒரு மாதம், ஒன்றரை மாதம் பூட்டிக் கிடக்கும். வீட்டு நகைகளை அத்தனை நாளும் என்ன செய்வது? பங்க் கிளாஸில் மடியில் கட்டிக்கொண்டு போனால் கப்பலில் தூக்கம் வராது. வீட்டில் வைத்துவிட்டுப் போனால் ஊரில் தூக்கம் வராது.

இந்தக் கவலை இன்று பல மடங்காகிவிட்டது. 2025 அக்டோபரில் ஒரு பவுன் விலை 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. பத்துப் பவுன் வைத்திருக்கும் சாதாரணக் குமாஸ்தாவின் வீட்டில் ஒன்பது லட்ச ரூபாய் இருக்கிறது என்று பொருள். அது இருப்பதோ, பெரும்பாலும் கல்யாணச் சீராக வந்த ஸ்டீல் பீரோவில்!

பீரோ என்பது துணி அடுக்கும் அலமாரி. அதன் தகடு மெல்லியது. கடப்பாரை நுனியைக் கதவு இடுக்கில் கொடுத்து நெம்பினால் வளைந்து கொடுக்கும். உள்ளே "லாக்கர்" என்று இருக்கும் சிறு அறையும் அதே தகடுதான். சாவி எங்கே என்றால், பீரோவின் தலைமேல், அல்லது புடவை மடிப்புக்குள். திருடனுக்கு அது தெரியாத இடமா?

பீரோவைப் பெட்டகமாக நினைக்கும் பழக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. 1897-ல் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கிய கோத்ரெஜ் கம்பெனி, 1902-ல் இரும்புப் பெட்டி செய்தது. இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது அதற்கு இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1923-ல். பெட்டிக்குக் கிடைத்த நல்ல பெயர் அலமாரிக்கும் ஒட்டிக்கொண்டது. கம்பெனிக்காரர் இரண்டையும் வெவ்வேறு பொருளாகத்தான் செய்தார். வாங்கியவர்கள்தான் ஒன்றாக்கிவிட்டார்கள்.

சரி, பெட்டியே வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இப்போது வாங்குவது எண்களை அழுத்தித் திறக்கும் சிறு பெட்டி. பார்க்க அழகு, விலையும் கைக்கு எட்டுகிறது. ஆனால் பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள பெட்டியைத் திறக்கத் தெரியாத திருடன், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் காட்டோரம் வைத்து நிதானமாக உடைத்துக்கொள்வான். அடியிலும் முதுகிலும் துளைகள் விட்டிருப்பது போல்ட் போட்டு இறுக்குவதற்காக. அந்தத் துளைகளைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?

பயன்படுத்த நினைத்தாலும் இங்கே ஒரு சங்கடம். பல வீடுகள் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருப்பவை. பலகையில் போட்ட போல்ட் பிடிக்காது, பலகையோடு பெயர்ந்து வரும். தரைமட்டத்தில் கான்கிரீட் உள்ள மூலை வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு கான்கிரீட் மேடை போட்டு, அதில் இறுக்க வேண்டும். பரணிலோ மாடியிலோ வைப்பது தவறு. 2002 செப்டம்பர் 14 அன்று திக்லிப்பூர் பக்கம் ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் 2004 டிசம்பர் 26-ஐயும் பார்த்த ஊர் இது. இரண்டாவதில் ஆஸ்டின் நீரிணைப் பாலத்தின் மேல்தளமே நகர்ந்தது. இறுக்கப்படாத இரும்புப் பெட்டி எம்மாத்திரம்?

அடுத்தது, கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி. திருட்டைத் தாங்கும் பெட்டியா, தீயைத் தாங்கும் பெட்டியா? இரண்டும் ஒன்றல்ல. வெறும் இரும்புப் பெட்டி தீயில் அகப்பட்டால் அடுப்பில் வைத்த சட்டிதான். தங்கம் உருக 1064 டிகிரி சூடு வேண்டும், ஆகவே தங்கம் பெரும்பாலும் தப்பிவிடும். உள்ளே இருக்கும் நிலப் பத்திரம், பிறப்புச் சான்று, ஐலண்டர் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எல்லாம் கருகிப் போகும். தீயைத் தாங்கும் பெட்டியின் சுவருக்குள் ஈரம் கொண்ட பூச்சு அடைத்திருப்பார்கள். சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி, உள்ளே சுமார் 177 டிகிரிக்கு மேல் போகாமல் அரை மணியோ ஒரு மணியோ காக்கும்.

ஆனால் இந்தத் தீவில் அதே ஈரம் எதிரியாகவும் ஆகிறது. ஆண்டில் பெரும்பகுதி மழை, மீதி நாள் உப்புக் காற்று. மூடியே கிடக்கும் பெட்டிக்குள் பத்திரம் பூஞ்சை பிடிக்கும், ரூபாய் நோட்டு ஒட்டிக்கொள்ளும். காகிதங்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

நகைக்கு உரிய இடம் வங்கி லாக்கர் என்பதில் சந்தேகம் வேண்டாம். அதற்காக வங்கி எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டிட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கி தர வேண்டியது, அதிகபட்சம் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. வாடகை 2,000 ரூபாய் என்றால் இரண்டு லட்சம். மேலே சொன்ன விலையில் இரண்டு பவுன் சொச்சம். பூகம்பம், வெள்ளம் போன்றவற்றுக்கு வங்கி பொறுப்பல்ல. இருந்தும் பலகை வீட்டை விட வங்கியின் பெட்டக அறை பத்திரமானது. லாக்கர் காலி இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதி எண் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. அதைக் கேட்டு வாங்குவது உரிமை.

வங்கியில் வைத்தாலும் வீட்டில் வைத்தாலும் ஒரு நோட்டு அவசியம். 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து, எண் கொண்ட ஹால்மார்க் குறியீடு உள்ள நகைகளைத்தான் கடைகளில் விற்கலாம். அந்தக் குறியீடு நகைக்கு நகை வேறு. அதைக் குறித்து, பழைய நகைகளுக்குப் படம் எடுத்து, பத்திர நகல்களோடு ஊரிலுள்ள அண்ணன் தம்பியிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம். போலீசில் புகார் எழுதும்போது "ரெட்டை வடம் சங்கிலி ஒன்று" என்று மட்டும் சொன்னால் எந்தச் சங்கிலி என்று தேடுவார்கள்?

பெட்டிக்குள் பெயர், முகவரிச் சீட்டும் ஒன்று இருக்கட்டும். 2011-ல் ஜப்பானைக் கடல் அலை தாக்கியபோது ஏறக்குறைய 5,700 இரும்புப் பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டுப் போலீசாரிடம் வந்து சேர்ந்தன. உள்ளே இருந்த பாஸ் புத்தகம், பத்திரம் இவற்றை வைத்தே பெரும்பாலான சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள்.

எண் பூட்டு வாங்கியவர்கள் கப்பல் ஏறுமுன் புது பாட்டரி போட வேண்டும். பாட்டரி தீர்ந்தால் திறக்க அவசரச் சாவி ஒன்று தருவார்கள். அதைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.