தீவைச் சுற்றிவர ஓர் ஆசை



கோடை விடுமுறை நெருங்கினால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் சில இல்லங்களில் இலங்கைப் பயணப் பேச்சு எழுவதுண்டு. விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. தீவின் பரப்போ தமிழகத்தில் பாதி. ‘ஐந்தே நாட்களில் முழுவதையும் சுற்றிவிடலாம்’ என்று பிள்ளைகள் பட்டியல் எழுதிவிடுகின்றனர். முழங்கால் வலியோடு உடன்வரும் உம்மாவின் நிலையை யார் எண்ணுகிறார்கள்?

1344-ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சென்றவர் பயணி இப்னு பதூதா. மாலத்தீவிலிருந்து தமிழகக் கரை நோக்கிப் புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று இலங்கையில் ஒதுக்கியது. அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, வேண்டுவதைக் கேட்குமாறு கூறினார். பாவா ஆதம் மலையிலுள்ள பாதச் சுவட்டைக் காண்பதொன்றே தம் விருப்பம் என்றார் இப்னு பதூதா. அது நிறைவேறிய பின்னர், திரும்பும் வழியில்தான் தேவேந்திரமுனை, காலி, கொழும்பு ஆகியவற்றைக் கண்டார்.

நாமும் முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். அதற்குத் துணை செய்வது மாதம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலிக் கரைகளை நனைக்கும். அக்காலத்தில் கிழக்கே திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். தெற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை உகந்தது. ஆகவே, மே மாதத்தில் செல்வோர் கண்டி, சிகிரியா, திருகோணமலை எனக் கிழக்கு நோக்கிச் செல்வதே நன்று.

தொலைவைக் கிலோமீட்டரால் அளவிடாதீர்கள், மணியால் அளவிடுங்கள். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும் வளைந்தேறும் மலைச்சாலையில் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். தேயிலைத் தோட்டங்களினூடே செல்லும் மலை ரயில் கண்ணுக்கு விருந்துதான். ஆனால், 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலால் அப்பாதை பெரிதும் சேதமுற்றது. எப்பகுதியில் ரயில் ஓடுகிறது என்பதை விசாரித்த பின்னரே அறை பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டுடன் மின்னணுப் பயண அனுமதியையும் முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் இரண்டு இரவுகளேனும் தங்குங்கள். நாள்தோறும் மூட்டை கட்டுவது முதியோரை வாட்டிவிடும்.

இவை அனைத்திற்கும் முன்பாக, உம்மாவின் அருகில் அமர்ந்து, “தாங்கள் காண விரும்புவது எது?” என்று கேளுங்கள். முன்பின் அறியாத பயணியிடம் ஒரு மன்னர் கேட்ட கேள்வியை, பெற்ற தாயிடம் நாம் கேட்க வேண்டாமா?