புது வண்டியா? முதலில் பக்கத்து ஊருக்குப் போய் வாருங்கள்!



பத்தாவது வரை மட்டுமே படித்த இல்லத்தரசி நான். வண்டி, மெக்கானிக் என்று நான் எழுதுவதைப் பார்த்து சிலருக்குச் சிரிப்பு வரலாம். பரவாயில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்த பிறகு சிரிக்கட்டும்.

என் மாமியாருக்கு ரொம்ப நாள் ஆசை, அறுபடை வீட்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று. சர்க்கரை வியாதி, மூட்டு வலி. பஸ் மாறி பஸ் ஏற முடியாது. அதனால் சீட்டுப் பணம் எடுத்து, ஒரு பழைய வேன் வாங்கினோம். பின் சீட்டை மடக்கினால் ஆள் படுக்கலாம். சின்ன ஃபேன், ஒரு லைட், வெளியே வைத்துச் சமைக்க 5 கிலோ சிலிண்டர், மாமியாரின் இன்சுலினுக்கு ஐஸ் பெட்டி. வீடே சக்கரத்தில் ஏறிய மாதிரி இருந்தது!

வண்டி வந்த மறு வாரமே திருத்தணிக்குக் கிளம்பலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "புது ஆட்டுக்கல் வாங்கினாக்கூட முதல்ல தவிடு போட்டு ஆட்டிப் பார்த்துட்டுத்தானே இட்லிக்குப் போடுறோம்? முதல்ல ஒரு ராத்திரி சிறுமலைக்குப் போய்ட்டு வருவோம்" என்றேன். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை 25 கிலோ மீட்டர் சொச்சம்தான். அங்கே அவருடைய சித்தப்பா வீடு இருக்கிறது. அரைமனதாகச் சம்மதித்தார்.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. முன்பக்கம் ஆவி பறக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். இவர் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். எனக்குத் திக்கென்றது. "ஐயோ, வேணாங்க! விசில் அடங்காத குக்கரைத் திறக்கிற மாதிரி ஆயிடும்" என்று கையைப் பிடித்தேன். "நீ சும்மா இரு, பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். உள்ளே இருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "டேய், அவ சொல்றதைக் கேளுடா. மூஞ்சி வெந்துபோனா என்ன பண்ணுவே?"

உண்மையும் அதுதான். ரேடியேட்டரும் குக்கர் மாதிரி அழுத்தத்தில்தான் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, தொட்டால் சுடாத பதம் வந்த பிறகு திறந்து, குறைந்த தண்ணீரை ஊற்றினோம். எஞ்சினைப் போட்டு, முள் ஏறும் வரை கவனித்தோம். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை!

ஃபியூஸ் போயிருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் ஃபியூஸ் போனால் கம்பி மாற்றுவது நான்தானே! ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே எது எதற்கு என்று படம் போட்டிருந்தது. பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஃபேனுடைய ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே கம்பி அறுந்திருந்தது. மூடியில் மாற்று ஃபியூஸ் இருந்தது. 15 ஆம்பியர் என்றால் நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். அதே அளவுதான் போட வேண்டும். பெரிய ஃபியூஸோ, வெறும் கம்பியோ வைத்தால் வயர் எரிந்துவிடும். போட்டதும் ஃபேன் சுற்றியது. இவர் ஒன்றும் பேசவில்லை!

சோதனை அதோடு முடியவில்லை. சித்தப்பா வீட்டு வாசலில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன், ரப்பர் டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ரெகுலேட்டர் பக்கம் குமிழி குமிழியாக வந்தது. உடனே மூடிவிட்டு, அன்றைக்கு அவர்கள் வீட்டு அடுப்பிலேயே சமையல். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டிக்குள் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை மறக்க முடியுமா? அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் வந்த வினை. காஸ் காற்றைவிட கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வண்டிக்குள் சமைக்கவே கூடாது.

ராத்திரி பிள்ளைகள் ஃபேனையும் லைட்டையும் போட்டபடியே தூங்கிவிட்டார்கள். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. இறக்கத்தில் உருட்டிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்றார் ஒருவர். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும், மலையில் அது ஆபத்து. சமதளத்தில் நாலு பேர் தள்ளி, இரண்டாவது கியரில் கிளப்பினோம்.

இருந்த கையோடு ஸ்டெப்னியையும் மாற்றிப் பழகலாம் என்றேன். பார்த்தால் அதில் காற்றே இல்லை. ஜாக்கிக்குக் கைப்பிடி இல்லை! டயர் பக்கவாட்டில் 3513 என்று இருந்தது. 2013-ம் வருடம் 35-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தமாம். பத்து வருடத்துக்கு மேல் ஆன ரப்பரை நம்பி நாங்கள் திருத்தணி கிளம்பியிருப்போம்!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இத்தனையும் நடு ராத்திரியில், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், சர்க்கரை வியாதிக்காரரை வைத்துக்கொண்டு நடந்திருந்தால்?

நான் ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்து, திரும்பியதும் மெக்கானிக்கிடம் நீட்டினேன். ஒரு வயர் தோல் உரிந்து உரசியதால்தான் ஃபியூஸ் போனது என்று கண்டுபிடித்தார். ஃபியூஸ் மாற்றியதோடு விட்டிருந்தால் மறுபடியும் போயிருக்கும். பிரேக், காஸ், வயரிங் இவற்றை விவரம் தெரிந்தவரிடம்தான் விட வேண்டும். ஆனால் அவரிடம் என்ன சொல்வது என்றாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

"போன் இருக்கு, கூப்பிட்டா வந்துடப் போறாங்க" என்பவர்கள் உண்டு. மலையில் எங்கள் போனில் டவரே இல்லை. இருந்தாலும் ஆள் வந்து சேரும் வரை உயிரைக் காப்பது நாம்தான். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, காஸ் கசிவுக்கு 1906. இரண்டையும் எழுதி வண்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன தை மாதம் அறுபடை வீடும் பார்த்து வந்தோம். திருச்செந்தூர் போகிற வழியில் ராத்திரி பஞ்சர். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டைத் தளர்த்தி, பிறகு ஜாக்கி வைத்து, எதிரெதிர் நட்டாக முடுக்கி, நானும் அவருமாகச் சக்கரம் மாற்றினோம். மகள் டார்ச் பிடித்தாள். மாமியார் முழித்துக்கூடப் பார்க்கவில்லை!

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி வாங்கினால் வீட்டுப் பெண்களுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள். ரிப்பேர் ஆகி நிற்கும்போது பயப்படுவது நாங்களும்தானே? தோழிகளே, நீங்களும் "நமக்கு எதுக்கு" என்று ஒதுங்காதீர்கள். குக்கரும் கிரைண்டரும் மிக்ஸியும் பழகிய கைக்கு ஒரு ஃபியூஸ் பெரிசா என்ன?

— ஒரு வாசகி,
திண்டுக்கல்.